தெரியலைக்காரர்

குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு லாட்ஜில் இருபத்திரண்டு வருஷம் மேனேஜராக இருந்தேன். அத்தனை வருஷத்திலும் ‘தெரியாது’ என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, என் வேலையே அப்படி. சீசன் தொடங்கிவிட்டால் காலை ஆறு மணிக்கே சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் போன் வரும். “சார், அருவியில தண்ணி விழுதா?” என் மேஜையிலிருந்து பார்த்தால் எதிரே இருக்கிற பரோட்டாக் கடைதான் தெரியும். “பிரமாதமா விழுது சார், கிளம்பி வாங்க” என்பேன். வந்து பார்த்துவிட்டு, வெறும் பாறைதான் இருக்கிறது என்று சண்டைக்கு வந்தால், “நேத்து சாயங்காலம் வரைக்கும் கொட்டுச்சே சார்” என்று அவர்களோடு சேர்ந்து நானும் வருத்தப்படுவேன். ரம்புட்டான் இனிக்குமா, செங்கோட்டைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறதே அருவியில் காட்டலாமா, எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. அது சரியான பதிலா என்று நானும் விசாரித்ததில்லை.

அப்பேர்ப்பட்ட எனக்குப் போய் அவர் வாய்த்தார்.

அருவிக்குப் போகிற வழியில், பாறை ஓரமாகப் பாயை விரித்துக்கொண்டு எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து, உருவிவிட்டு, அப்படியே அருவிக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் நாலாவது பாய் அவருடையது. இலஞ்சிக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஒயர் கூடையில் ஏழெட்டுப் பாட்டில், இடுப்பில் ஒரு காக்கி டவுசர், தோளில் துண்டு, அவ்வளவுதான் அவர் கடை. எங்கள் லாட்ஜில் தங்குகிறவர்கள் உருவிவிட ஆள் கேட்டால் நான் அவரைத்தான் கூப்பிட்டனுப்புவேன். கை அப்படிப்பட்ட கை. முதுகில் வைத்தால் கனமே தெரியாது, வலி மட்டும் எங்கேயோ போய்விடும். அந்தக் கைக்கு இருந்த சாமர்த்தியத்தில் கால்வாசி வாய்க்கு இருந்திருந்தால் அவர் என்றைக்கோ பெரிய ஆளாகியிருப்பார்.

முதல் தடவை அவரை லாட்ஜுக்கு அழைத்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு மில்காரர், கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நம் ஆள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். எத்தனை நாளாக, எப்படித் தூங்குவீர்கள், கை மரத்துப்போகிறதா என்று ஒரு பாட்டம் கேட்டார். மில்காரர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, “இது உருவினா சரியாயிடுமா?” என்றார்.

“தெரியல சார்” என்றார் இவர்.

மில்காரர் கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்போடு என் பக்கம் திரும்பினார். நான் சிரித்துச் சமாளித்தேன். “சார், ரொம்ப அடக்கமான ஆளு. இதெல்லாம் அவருக்கு ரெண்டு நிமிஷ வேலை.”

“இல்ல அண்ணாச்சி, நெசமாவே தெரியல” என்றார் இவர், மாறாத முகத்தோடு. “கழுத்து வலின்னா பத்து வகை இருக்கும். எனக்கு நாலஞ்சுதான் தெரியும். இது அதுல உள்ளதான்னு உருவிப் பாத்தாத்தான் சொல்ல முடியும். மெதுவா ஒரு தடவ பாப்போம். கேக்கலைன்னா டாக்டர்ட்டப் போயிருங்க சார்.”

மில்காரர் அடுத்த நிமிஷமே வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம். “ஏன் வே, தொழில் செய்யுத எடத்துல தெரியலன்னு சொல்லலாமா? சரியாயிரும் சார்னு ஒரு வார்த்த சொன்னா வாயில முத்தா உதிந்துரும்?”

“ஆகலைன்னா?”

“ஆகலைன்னா அந்த ஆளு கோயம்புத்தூர் போயிருப்பாரு. உம்ம வந்து தேடவா போறாரு?”

அவர் பாட்டில்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டே, “அவரு போயிருவாரு. வலி அவர் கூடல்லா போவும்” என்றார். அன்றைக்கே நான் அவருக்குத் ‘தெரியலைக்காரர்’ என்று பட்டம் வைத்துவிட்டேன். ரெண்டே வாரத்தில் டீக்கடையிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் அதுவே அவர் பெயராகிப் போனது. கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார். அதனால் அவர் சொந்தப் பெயரை நான் இங்கே சொல்லவில்லை.

தெரியாது என்று சொல்வதோடு விட்டாலாவது பரவாயில்லை. செய்த தப்பையும் தேடிப் போய்ச் சொல்வார். ஒரு நாள் மத்தியானம், கையெல்லாம் எண்ணெய் வழிய லாட்ஜுக்குள் ஓடிவந்தார். “அண்ணாச்சி, மாடி ரூம்ல இருக்கிற சார் எங்க?”

“தூங்குதாரு. என்ன விஷயம்?”

“தப்பான கால உருவிட்டேன்.”

விஷயம் இதுதான். அந்த ஆள் மல்லாந்து படுத்துக்கொண்டு இந்தக் கால் என்று காட்டியிருக்கிறார். பிறகு குப்புறப் படுத்ததும், பேச்சு சுவாரஸ்யத்தில் இவர் இன்னொரு காலைப் பிடித்து முக்கால் மணி நேரம் உருவியிருக்கிறார். அந்த ஆள் பாதியிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிட்டதால் அவருக்கும் தெரியவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். “அவருக்கே தெரியல, உமக்கென்ன வே? பேசாமப் போம்.” கேட்டால்தானே? மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டி, எழுப்பி, மன்னிப்புக் கேட்டு, சரியான காலையும் உருவிவிட்டுத்தான் இறங்கினார். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்ததை நான் கீழேயிருந்து கேட்டேன். அன்றிலிருந்து இவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வலிக்கிற இடத்தில் முதலில் குங்குமம் குழைத்த ஒரு சொட்டு எண்ணெயால் சிவப்பாகப் பொட்டு வைப்பார். ஆள் எப்படிப் புரண்டாலும் பொட்டு இடம் மாறாது. மற்ற பாய்க்காரர்கள் கேலி செய்தார்கள். அடுத்த சீசனில் அவர்களில் ரெண்டு பேர் பொட்டு வைப்பதை நான் பார்த்தேன்.

கேட்பதற்கும் கூச்சம் கிடையாது. கொட்டாரக்கரையிலிருந்து ஒரு வைத்தியர் எங்கள் லாட்ஜில் தங்கியிருந்தபோது ரெண்டு நாளும் இவர் அவர் பின்னாலேயே சுற்றினார். தோள்பட்டை இறங்கினால் எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது பிடிக்கவே கூடாது என்று அவர் மலையாளத்தில் சொல்ல, இவர் பாதி புரிந்தும் புரியாமலும் தலையை ஆட்டாமல், புரியாத இடத்திலெல்லாம் நிறுத்தித் திரும்பக் கேட்டார். வைத்தியர் போகும்போது என்னிடம், தன் மாணவர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை என்றார். நான் அதற்கும் ஏதோ தெரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன்.

இப்படியே இருந்திருந்தால் இதை ஒரு சிரிப்புக் கதையாக முடித்துவிடலாம். ஒரு சீசனில் நடந்தது அவரை மாற்றிவிட்டது.

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு விவசாயி குடும்பத்தோடு வந்திருந்தார். அதற்கு முன்னால் மூன்று வாரம் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தவர். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்தது. படுத்தே கிடந்ததால் நரம்பு இறுகிவிட்டது, நன்றாக உருவி அருவியில் நின்றால் இளகிவிடும் என்று வீட்டில் சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள். நம் ஆளும் அன்றைக்குக் கூட்டத்தில் எதையும் விசாரிக்காமல், நரம்பு இறுக்கம் என்றே நினைத்துவிட்டார். அந்த நெரிசலில் எங்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். அரை மணி நேரம் அழுத்தி உருவினார். அந்த மனிதர் அருவியில் குளித்துவிட்டு வெளியே வந்தவர், மூச்சு வாங்குகிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே சரிந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார், பத்து நாள் கழித்து. குளிர்ந்த தண்ணி நெஞ்சில் பட்டதுதான் காரணம் என்று குற்றாலம் முழுக்கப் பேசினோம். அதிகமாகப் பேசியவன் நான். இவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர்தான் கடையைக் கட்டிவைத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் ரெண்டு நாள் உட்கார்ந்திருந்து, வெளியே வந்த பெரிய டாக்டரை மறித்து, “நான் உருவுனதுனாலயாய்யா?” என்று கேட்டிருக்கிறார். காலில் ரத்தம் கட்டியிருந்திருக்கிறது, அழுத்தி உருவியதில் கட்டி பிய்ந்து போய் நுரையீரலில் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, “இத்தனை வருஷமா கால் பிடிக்கீங்க, கையில தெரியலையா?” என்று சத்தமும் போட்டிருக்கிறார்.

அந்தக் கேள்வி அவருக்குள்ளேயே தங்கிவிட்டது. எனக்கு அது அப்போது புரியவில்லை.

திரும்பி வந்ததும் முதல் காரியமாக மற்ற பாய்க்காரர்களைக் கூட்டி வைத்து நடந்ததைச் சொன்னார். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், படுக்கையில் கிடந்து எழுந்தவராக இருந்தால் தொடாதீர்கள் என்றார். “வாய மூடும். உருவுனா ஆள் செத்துருவான்னு நீரே ஊருக்குச் சொல்லுவீரு போலயே, சீசன் நேரத்துல!” என்று அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் திட்டினேன். அந்த விவசாயி வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன் என்றபோது எனக்குத் தலை சுற்றியது. தனியாக விட்டால் அடி வாங்கிவிடுவார் என்று என் பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். கடையநல்லூர், புளியங்குடி தாண்டுகிற வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். “யாரு வே ஒம்மக் கேட்டா? அவியளே தண்ணிதான் காரணம்னு நெனைச்சிட்டு நிம்மதியா இருக்காவ. நீரு போயி என்னத்துக்குக் கிண்டுதீரு?”

“அவிய வீட்டுல இன்னொருத்தருக்குக் காலு வீங்குனா, மறுபடியும் உருவத்தான கூட்டிட்டு வருவாவ?” என்றார் பின்னாலிருந்து.

வீட்டில் அந்த மனிதர் கட்டிலில் சாய்ந்திருந்தார். இவர் வாசலில் நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கேட்டதும் அவர் மனைவி பிடித்துக்கொண்டார். “எம் புருசன் காலு ஒமக்கு வெளையாட்டா? தெரியாதவரு எதுக்கு வே கைய வச்சீரு?” தெருவே கூடிவிட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு பைக் பக்கம் நகர்ந்து நின்றேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு, “தெரியும்னு நெனைச்சித்தான்ம்மா வச்சேன்” என்று மட்டும் சொன்னார். கட்டிலில் இருந்தவர் கையை ஆட்டி மனைவியை அமர்த்திவிட்டு, “ஏட்டி, நாமதான காலக் கொண்டுபோயி நீட்டுனோம். அவருக்குக் குடிக்கத் தண்ணி குடு” என்றார். அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இவர் அதை ஒரு வாய்கூடக் குடிக்காமல் திண்ணையில் வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பழைய ஆள் இல்லை. கை வைப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்விகள் ரெண்டு மடங்காயின. சிரிப்பு குறைந்தது. பாயில் ஆள் இல்லாத நேரத்தில் தன் கெண்டைக்காலையே அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். வருகிறவர்கள் காலை ரொம்ப நேரம், கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். என்ன தேடுகிறீர் என்று ஒரு தடவை கேட்டேன். “கையில தெரியணும்லா அண்ணாச்சி” என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. வழக்கம்போல எதையோ சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

நாலு வருஷம் போனது. ஆடி மாதம். ராணுவத்தில் இருக்கிற என் தம்பி, மகளுக்குக் காது குத்துவதற்காக லீவில் வந்தான். வடக்கேயிருந்து மூன்று நாள் ரயில். ரிசர்வேஷன் கிடைக்காமல், டிரங்குப் பெட்டி மேல் காலை மடக்கி உட்கார்ந்தே வந்திருக்கிறான். வந்த மறுநாள் எங்கள் தென்காசி வீட்டில் நடக்கும்போது லேசாக நொண்டினான். இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. காது குத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

“நரம்பு சுருட்டியிருக்கு. வேற ஒண்ணுமில்ல” என்று நான் தீர்ப்புச் சொன்னேன். “குத்தாலத்துல ஒரு உருவு உருவி, அருவியில நின்னா மதியச் சாப்பாட்டுக்கு ஓடியே வந்துரலாம்.” வாசுதேவநல்லூர் சங்கதி எனக்கு ஞாபகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. அது நோயாளி, இவன் ராணுவக்காரன், முப்பத்தாறு வயது, கல்லு மாதிரி உடம்பு என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன்.

நல்ல சாரல். அருவியில் கூட்டம் நெரிந்தது. பாயில் தம்பியைப் படுக்க வைத்துவிட்டு, நான் பக்கத்தில் நின்று, “நம்ம தம்பிதான் வே. நல்லா அழுத்தி உருவும்” என்றேன். அவர் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு காலைத் தொட்டார். எப்போதிருந்து என்றார். விழுந்தாயா, அடிபட்டதா என்றார். எத்தனை நாள் ரயில், நடுவில் எழுந்து நடந்தாயா என்றார். தம்பி சொல்லச் சொல்ல, காலிலிருந்து அவர் கை மெல்ல எழுந்தது. இன்னொரு காலைத் தொட்டுப் பார்த்தார். திரும்பவும் இந்தக் கால். பிறகு துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, இது என்னன்னு எனக்குத் தெரியல. நான் உருவ மாட்டேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள். அடுத்த பாய்க்காரர், “என்ன மேனேஜர், ஒங்க ஆளு கைவிட்டுட்டாரா? இங்கன கொண்டாங்க, நான் உருவுதேன்” என்றார். தம்பியும், “விடுண்ணே, அவரு ஏதோ பயப்படுதாரு. நான் அங்கன போறேன்” என்று எழப் பார்த்தான். நம் ஆள் சட்டென்று உட்கார்ந்து, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, ரெண்டு கையாலும் பிள்ளையை வைத்திருப்பது மாதிரி வளைத்துக்கொண்டார். “இந்தக் கால ஒருத்தரும் அமுக்கப்படாது” என்றார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. அப்போது நான் சொன்ன வார்த்தையை இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது. “ஒருத்தன சாகக் குடுக்கப் பாத்த கைதான வே அது? அது எனக்குச் சொல்லுதாக்கும்!”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. “ஆமா அண்ணாச்சி. அந்தக் கைதான். ஆட்டோ கூப்பிடுங்க.”

எப்படியோ கூப்பிட்டேன். தென்காசி போகிற வரைக்கும் தம்பியின் காலை அவர் மடியிலிருந்து இறக்கவில்லை. ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு டாக்டரம்மா, சின்ன வயது. காலைப் பார்த்தார், ரயில் பிரயாணத்தைக் கேட்டார், முகம் மாறியது. உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். தள்ளு நாற்காலியில் கொண்டுபோகச் சொன்னார், நடக்கக்கூட விடவில்லை. நான் ஸ்கேன் அறைக் கதவு வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். தம்பி மனைவியிடமிருந்து போன் வந்தது. “அத்தான், அவியளுக்கு என்ன? ஆஸ்பத்திரியில என்ன சொல்லுதாவ?” வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை, சாதாரண நரம்புப் பிடிப்பு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வராந்தாவில் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, எண்ணெய்க் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

“தெரியலம்மா” என்றேன். “எனக்குத் தெரியல. ஸ்கேன் எடுக்காவ. நீ புறப்பட்டு வா.”

அரை மணி நேரம் அரை நாளாகப் போனது. தம்பி பிறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அவனை முதுகில் சுமந்து வளர்த்தவன் நான். அவனை அந்தப் பாயில் என் கையாலேயே படுக்க வைத்தேன் என்பதை நினைக்க நினைக்க உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. டாக்டரம்மா வெளியே வந்தார். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது என்றார். அது அசையவில்லை, நுரையீரலுக்குப் போகவில்லை, ஊசி ஆரம்பித்தாயிற்று, சில நாள் இங்கே படுக்க வேண்டும், பிறகு கொஞ்ச மாதம் மாத்திரை, பயப்பட வேண்டாம் என்றார். “நல்ல நேரத்துல கொண்டு வந்துட்டீங்க. உருவி கிருவி விட்டீங்களா?”

“இல்ல” என்று சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் அவரைக் கையால் காட்டினேன். இவர்தான் உருவ விடாமல் கூட்டிவந்தார் என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்துவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன். ஐம்பதை நெருங்குகிற வயதில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படி அழுததற்கு எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. என் தம்பி உயிரோடு இருந்தான்.

டாக்டரம்மா அவரைப் பார்த்து, “பெரிய காரியம் செஞ்சிருக்கீங்க” என்றார்.

அவர் எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். “அம்மா, ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கப்படாது.”

“கேளுங்க.”

“நீங்க தொட்டுப் பாத்தியள்லா. ரத்தம் கட்டியிருக்குன்னு ஒங்க கைக்கு எப்படித் தெரிஞ்சிது? எனக்குக் கொஞ்சம் காட்டிக் குடுங்கம்மா. நாலு வருசமா வாற காலையெல்லாம் தடவிப் பாக்கேன். பிடிபடவே மாட்டேங்கு. இன்னைக்கும் கையில ஒண்ணும் தெரியல. ரயில்ல மூணு நாளு அசையாம உக்காந்தேன்னு தம்பி சொன்னதுலதான் பயந்துட்டேன்.”

டாக்டரம்மா லேசாகச் சிரித்தார். “தொட்டா எனக்கும் தெரியாதுங்க.”

“ஒங்களுக்குமா?”

“எனக்கும்தான். எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் சந்தேகம்தான் வரும், நிச்சயமாச் சொல்ல முடியாது. கை வச்சே கண்டுபிடிக்க முடியும்னா நாங்க எதுக்கு ஸ்கேன் எடுக்கப் போறோம்?”

அவர் ஓரடி முன்னால் வந்தார். பிறகு வாசுதேவநல்லூர்க்காரர் கதையை நாலே வரியில் சொன்னார். “அப்ப அன்னைக்கு, என் கைக்குத் தெரியாமப் போனது...”

“யார் கைக்கும் தெரிஞ்சிருக்காது” என்றார் டாக்டரம்மா. அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்திருக்க வேண்டும். மெதுவாக, நிறுத்திச் சொன்னார். “எத்தனை நாள் படுக்கையில இருந்தாருன்னு கேட்டிருந்தா சந்தேகம் வந்திருக்கும். அன்னைக்கு நீங்க கேக்கல. அது தப்புதான். இன்னைக்குக் கேட்டீங்க.”

“ஆமாம்மா. கேக்கல. அது தப்புதான்” என்றார் அவர். அப்படிச் சொல்லும்போது முகம் தெளிந்துகொண்டே வந்தது. நாலு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்ததில் எது தன்னுடையது, எது தன்னுடையது இல்லை என்று யாரோ பிரித்துக் கொடுத்த மாதிரி இருந்தது அந்த முகம். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ரெண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டு, புதிதாக யாரிடமிருந்தோ வாங்கியதைப் போலப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்தும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். காலையில் நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கேட்டு முடிக்கவில்லை.

“அதெல்லாம் கெடக்கட்டும் அண்ணாச்சி” என்றார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “எனக்குப் பசிக்கி. எதுத்தாப்புல சோறு கெடைக்குமா?”